குழாயிலா, நீலத் தொட்டியிலா? சிங்கப்பூரில் வீட்டுக்குப்பையைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் விசில் ஊதிக்கொண்டோ பாட்டுப் போட்டுக்கொண்டோ குப்பை வண்டி வீட்டு வாசலுக்கு வருவதில்லை. பதினைந்தாவது மாடியில் ஒரு மூடியைத் திறந்து பையைக் குப்பைக் குழாய்க்குள் தள்ளினால், கீழே எங்கோ 'தொப்' என்று விழும் ஓசையோடு வேலை முடிந்தது. ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரத்தில் வியப்பது இதைத்தான். அவர்கள் குப்பை பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவதும் பெரும்பாலும் அதே வாரத்தில்தான். குப்பையைக் கண்ணிலிருந்து மறைப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது எவருக்குத்தான் பிரிக்கத் தோன்றும்?

ஊரில் கற்ற விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் சிக்கல்தான். ஈரக்குப்பை பச்சைத் தொட்டிக்கு, உலர்குப்பை நீலத் தொட்டிக்கு என்று தமிழ்நாட்டு மாநகராட்சிகள் சொல்லிக்கொடுத்திருக்கும். இங்கே ஈரக்குப்பையை வீடு வீடாகத் தனியே வாங்குவோர் கிடையாது. தரைவீடுகளுக்கு வெளியே நிற்கும் பச்சைத் தொட்டி எல்லாக் குப்பைக்கும் பொது. நீலத் தொட்டி மட்டும்தான் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே பொருளைக் குறிக்கிறது, அதற்கும் இங்கே நிபந்தனைகள் கூடுதல்.

முதல் படி: உங்கள் வீட்டுக் குழாய் எந்த வகை?

வீட்டைப் பார்க்கப் போகும்போதே இதைக் கவனித்துவிடுங்கள். சமையலறை மூலையில், முழங்கால் உயரத்தில் ஓர் உலோகக் கதவு இருந்தால் அது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக், அதாவது அடுக்குமாடிக் கட்டடம். குழாய் உங்கள் வீட்டுக்குள்ளேயே இறங்குகிறது. 1989க்குப் பிறகு கட்டப்பட்ட புளோக்குகளில் வீட்டுக்குள் குழாய் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கிக்கு அருகே எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கும். 2014 முதல் விற்பனைக்கு விடப்பட்ட பிடிஓ (முன்பதிவுக்கேற்பக் கட்டப்படும் வீவக வீடுகள்) திட்டங்களில் அந்த இடத்தில் இரண்டு குழாய்கள், ஒன்று குப்பைக்கு, மற்றது மறுபயனீட்டுப் பொருள்களுக்கு, அதாவது மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களுக்கு. பொங்கோலில் 2010இல் முடிந்த ட்ரீலாட்ஜ் புளோக்குகள்தாம் இதற்கு முன்னோடி. தெங்கா போன்ற புதிய பேட்டைகளில் போட்ட பையைக் காற்று உறிஞ்சி, நிலத்தடிக் குழாய் வழியாகப் பேட்டையின் ஒரு மூலைக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே குப்பை லாரி புளோக் புளோக்காக நின்று நாறடிக்க வேண்டியதில்லை.

இரட்டைக் குழாய் வீட்டுக்காரர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: எது எதற்கு என்று மூடியின் மேலே எழுதியிருக்கும். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பணிப்பெண்ணிடமோ பிள்ளையிடமோ கொடுத்துவிட்ட பை தவறான வாய்க்குள் போனால், அதே புளோக்கில் மற்றவர்கள் கழுவிக் காயவைத்துப் போட்ட அட்டையும் காகிதமும் கறிக்குழம்பில் ஊறிவிடும்.

இரண்டாம் படி: குழாயில் போடும் முறை

பையை இறுகக் கட்டுங்கள். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. கட்டாத பை விழும் வழியில் குழாயின் சுவரில் மோதிச் சிந்தும். சிந்தியது காய்ந்து ஒட்டும். ஒட்டியதைத் தேடிக் கரப்பான்பூச்சி வரும், அது குழாய் வழியாகவே உங்கள் சமையலறைக்கும் ஏறி வரும். இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவிய நீர், வடித்த கஞ்சி, மிச்சக் குழம்பு எதையும் அப்படியே ஊற்றக் கூடாது. திரவத்தை வடித்துவிட்டுத் திடப்பொருளை மட்டும் பையில் போடுங்கள்.

பழைய புளோக்கின் அடியில் காலை வேளையில் போய்ப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். குழாய்கள் முடியும் இடத்தில் வரிசையாகச் சிறு இரும்புக் கதவுகள் இருக்கும். துப்புரவு ஊழியர் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே குவிந்திருப்பதை நீண்ட பிடி கொண்ட கருவியால் இழுத்துத் தம் தள்ளுவண்டித் தொட்டியில் சரிப்பார். கட்டிய பை என்றால் ஒரே இழுப்பு. கட்டாதது என்றால் சோறும் முட்டை ஓடும் நாப்கினும் கலந்த கூழை அவர் பெருக்கி அள்ள வேண்டும், பிறகு தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். எங்கள் வட்டாரத்தில் இந்த வேலை பார்ப்பவர்களில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தேன். "பையைக் கட்டிப் போடச் சொல்லுங்கள் அண்ணே, உடைந்த கண்ணாடி இருந்தால் காகிதத்தில் சுற்றச் சொல்லுங்கள், அது போதும்" என்றார். கையுறையில் ஒரு கீறல் இருந்தது. அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

ஆகவே உடைந்த கண்ணாடி, கத்தி, ஊசி ஆகியவற்றைச் செய்தித்தாளில் தடிமனாகச் சுற்றுங்கள். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து மூடி ஒட்டிவிடுவது நல்லது. அணையாத சிகரெட், சூடு ஆறாத சாம்பிராணிக் கரி, எரிந்து முடிந்த கற்பூரத் தட்டின் சாம்பல் எதையும் ஆறும் முன் போடாதீர்கள். குழாய்க்குள் தீப்பிடிப்பது இங்கே அடிக்கடி நடப்பதுதான். குடை, துணி மாட்டும் கொக்கி, துடைப்பக் கட்டை, மடக்கிய அட்டைப்பெட்டி போன்றவை குழாயை அடைத்துவிடும். அடைப்பை எடுக்க வரும் வரை மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் நாற்றத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

பைக்கு என்ன செய்வது என்ற கேள்வி 2023 ஜூலை 3க்குப் பிறகு எல்லா வீட்டிலும் எழுந்தது. அன்று முதல் பெரிய பேரங்காடிகள் பிளாஸ்டிக் பை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. இலவசப் பையை மடித்து அடுக்கி வைத்துக் குப்பைக்குப் பயன்படுத்திய காலம் போய்விட்டது. ரொட்டிப் பை, அரிசிப் பை, தேக்காச் சந்தையில் காய்கறி கட்டிக் கொடுத்த பை ஆகியவை இதற்குப் போதும். தனியாக வாங்கத்தான் வேண்டுமென்றால் பெரிய பையாக வாங்கி, நிறைந்த பிறகு கட்டுங்கள். கால் பங்கு நிறைந்த பையைத் தினமும் போடுவது வீண்செலவு.

போட்டது எங்கே போகிறது?

புளோக்குகளிலிருந்து திரட்டப்படும் குப்பையை, தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் உரிமம் பெற்ற நிறுவனங்களின் லாரிகள் எடுத்துச் செல்கின்றன. தீவு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரமும் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. லாரிகள் போய்ச் சேருவது எரியாலைகளுக்கு. எரித்தால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்துவிடும். அந்த வெப்பத்தில் மின்சாரமும் எடுக்கிறார்கள். எஞ்சும் சாம்பலை துவாஸிலிருந்து தோணிகளில் ஏற்றித் தெற்கே செமக்காவ் தீவுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். முதன்மைத் தீவில் இருந்த கடைசிக் குப்பைமேடான லோரோங் ஹாலுஸ் 1999இல் மூடப்பட்ட பிறகு சிங்கப்பூருக்கு இருக்கும் ஒரே நிரப்புநிலம் செமக்காவ்தான். அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் கணக்கு. அதற்குப் பிறகு இன்னொன்று தோண்ட இந்த ஊரில் இடம் ஏது?

மூன்றாம் படி: நீலத் தொட்டி

தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001இல் தொடங்கியது. 2014இல் ஒவ்வொரு வீவக புளோக்குக்கும் ஒரு நீலத் தொட்டி வந்தது. காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி ஆகிய நான்கையும் ஒரே தொட்டியில் போடலாம். வகை வகையாகப் பிரித்து நீங்கள் கட்ட வேண்டியதில்லை. பிரிக்கும் கூடத்தில் ஆட்களும் இயந்திரங்களும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும்.

அந்த ஒன்றில்தான் நாம் தோற்கிறோம். நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு பயன்படாதது என்று சுற்றுப்புற வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. பாதி தின்ற உணவுப் பொட்டலம், கோப்பி சொட்டும் பை, பழைய செருப்பு, தலையணை என்று என்னென்னவோ வந்து சேர்கின்றன. வீட்டுக்குப்பையில் மறுபயனீட்டுக்குப் போகும் பங்கு 2018இல் 22 விழுக்காடு, 2024இல் 11 விழுக்காடு. பாதியாகச் சரிந்துவிட்டது. இணைய வணிகத்தால் வீட்டுக்கு வீடு அட்டைப்பெட்டி குவியும் காலத்தில் இந்தச் சரிவு எனக்கு எரிச்சல் ஊட்டுகிறது.

'எல்லாம் கடைசியில் ஒரே லாரியில்தான் போகிறது' என்று கோப்பிக்கடையில் எவராவது சொல்வார். நம்ப வேண்டாம். நீலத் தொட்டிக்கு வருவது வேறு லாரி. உணவோ எண்ணெயோ கலந்து கெட்டுப்போனவை மட்டும் கூடத்தில் கழிக்கப்பட்டு எரியாலைக்குத் திருப்பப்படும். ஒருவர் வைத்த ஒரு மிச்சச் சோற்றுப் பொட்டலம் பத்து வீட்டுச் செய்தித்தாளைக் கெடுத்துவிடும் என்பது மட்டும் உண்மை.

நம் சமையலறையில் இதைச் செய்யும் முறை இதுதான். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஒரு பாத்திரத்தில் வையுங்கள். மிலோ டின், பால் டின், ஊறுகாய் போத்தல், தயிர் டப்பா எல்லாவற்றையும் அதில் அலசலாம். சோப்பு போட்டுப் பளபளக்கத் தேய்க்கத் தேவையில்லை, உள்ளே உணவு ஒட்டாமல் இருந்தால் போதும். கவிழ்த்து வைத்து நீரை வடியவிடுங்கள். எண்ணெய் போத்தல் கொஞ்சம் பாடுபடுத்தும். வெதுவெதுப்பான நீரும் ஒரு துளி பாத்திரச் சோப்பும் விட்டுக் குலுக்கினால் வழிக்கு வரும். அப்படியும் வராவிட்டால் கட்டிக் குழாயில் போட்டுவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்துப் போடுங்கள். மடிக்காத ஒரே பெட்டி தொட்டியின் வாயை அடைத்துவிட, அடுத்தடுத்து வருகிறவர்கள் பைகளைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போடக் கூடாதவை: டிஷ்யூ காகிதம், ஸ்டைரோஃபோம் பெட்டி, பீங்கான் தட்டு, ஒருமுறை பயன்படுத்தும் கரண்டி முள்கரண்டி, துணிமணி, காலணி, மெத்தென்ற பொம்மை. எண்ணெய் ஊறிய பொட்டலக் காகிதமும் ஆகாது. நல்ல நிலையில் உள்ள சேலைகளையும் சட்டைகளையும் இரட்சண்ய சேனை போன்ற அறநிறுவனங்களிடம் சேர்க்கலாம்.

வீட்டுக்குள் சேர்த்து வைக்க ஒரு பெட்டி தேவை. 2023இல் அரசு 'புளூபாக்ஸ்' என்ற மடக்கக்கூடிய பெட்டியை வீட்டுக்கு ஒன்று என இலவசமாகக் கொடுத்தது. உங்களிடம் இல்லையென்றால் எந்தப் பழைய பெட்டியும் அந்த வேலையைச் செய்யும். பால்கனியிலோ நடைபாதையிலோ வைப்பதானால் போத்தல்களையும் டப்பாக்களையும் மூடியோ கவிழ்த்தோ வையுங்கள். கொஞ்சம் மழைநீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். டெங்கிச் சோதனைக்கு வருபவர்கள் அபராதம் விதிக்கும்போது மறுபயனீட்டுக்காகத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

பத்துக் காசு திரும்ப வரும் போத்தல்கள்

2026 ஏப்ரல் 1 முதல் பிளாஸ்டிக் போத்தலிலும் உலோக டின்னிலும் விற்கும் பானங்களுக்கு 10 காசு வைப்புத்தொகை. 150 மில்லிலிட்டரிலிருந்து 3 லிட்டர் வரையிலான கொள்கலன்களுக்கு இது பொருந்தும். வைப்புத்தொகை அடையாளம் அச்சிட்ட போத்தலைப் பேரங்காடிகளில் உள்ள இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பும். காலியாக இருக்க வேண்டும், நசுக்கக் கூடாது, லேபிளைக் கிழிக்கக் கூடாது. நீலத் தொட்டிக்காக டின்னை மிதித்துத் தட்டையாக்கிப் பழகியவர்கள் கால்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். 2026 செப்டம்பர் 30 வரை அடையாளம் இல்லாத பழைய இருப்பும் கடைகளில் விற்கப்படலாம், அவற்றுக்குப் பணம் வராது. கண்ணாடிப் போத்தலும் காகிதப் பானப் பெட்டியும் இத்திட்டத்தில் இல்லை.

நான்காம் படி: உணவுக் கழிவும் பூசைப் பூவும்

இதற்கென்று பொதுவான சேகரிப்பு இல்லை என்பதை முன்பே சொன்னேன். பெரிய உணவுக்கழிவு உண்டாக்கும் ஹோட்டல்கள், கடைத்தொகுதிகள் போன்ற புதிய கட்டடங்களைத்தான் சட்டம் பிரிக்கச் சொல்கிறது. சில பேட்டைகளில் குடியிருப்பாளர்களுக்குச் சோதனைத் திட்டங்கள் நடந்திருக்கின்றன. உங்கள் வசிப்போர் குழுவிடம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், காய்கறித் தோலும் முருங்கைக் காம்பும் குழாய்க்குள்தான். நீரை வடித்துப் பையில் கட்டுங்கள். ஈரம் மிகுந்த குப்பையை எரிக்கக் கூடுதல் வெப்பம் செலவாகும்.

பூந்தொட்டியில் உரம் செய்யலாம். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ, மேலே ஒரு கைப்பிடி மண். சமைத்த சோறு, மீன், இறைச்சி, எண்ணெய் சேர்க்க வேண்டாம். வாடை அடித்தால் காய்ந்த இலை போதவில்லை என்று பொருள். தொட்டியை நடைபாதையில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், தீயணைப்பு விதி அது. செய்த உரத்தை என்ன செய்வதென்று தெரியாவிட்டால், பல புளோக்குகளின் அருகே உள்ள சமூகத் தோட்டத்துப் பாட்டிமார்களிடம் கொடுங்கள். அவர்கள் கையில் கொஞ்சம் கறிவேப்பிலையோ பாண்டான் இலையோ திருப்பிக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

நம் வீடுகளில் சங்கடமான இடம் பூசைப் பூ. சாமிக்குச் சாத்திய மாலையைக் குப்பையோடு சேர்க்க மனம் வராமல், கால்வாயிலோ கீழே மரத்தடியிலோ வைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்தி புரிகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது குப்பை போட்ட குற்றம்தான், முதல் முறை நீதிமன்றத்தில் 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். நாரையும் ஜிகினாவையும் நீக்கி, இதழ்களை உதிர்த்துத் துளசித் தொட்டியிலோ உரத் தொட்டியிலோ சேர்த்துவிட்டால் மனக்குறையும் இல்லை, அபராதமும் இல்லை. மல்லிகை சீக்கிரம் மண்ணாகிவிடும், சாமந்திக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும். வாழை இலையை நறுக்கிப் போடுங்கள், முழு இலை குழாயில் விரிந்து மாட்டிக்கொள்ளும்.

தீபாவளி முறுக்குச் சட்டி எண்ணெயைப் பாத்திரத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உறைந்து கழிவுநீர்க் குழாயை அடைக்கும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆறவிட்டு, கொஞ்சம் என்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுப் பையில் கட்டிக் குழாயில் போடலாம். நிறைய என்றால் போத்தலில் சேர்த்து வைத்து, சமையல் எண்ணெய் சேகரிக்கும் இடங்களில் கொடுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

பேட்டரி, கைத்தொலைபேசி, மடிக்கணினி, மின்விளக்கு ஆகியவற்றுக்குக் கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தனித் தொட்டிகள் உண்டு. இடங்களைச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் தேடலாம். லித்தியம் பேட்டரியைக் குழாயிலும் நீலத் தொட்டியிலும் போடவே கூடாது, லாரிக்குள் அழுந்தித் தீப்பிடிக்கும். புதிய குளிர்பதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ வீட்டுக்கு வரும்போது, அதே வகையில் பழையது ஒன்றைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். 2021 ஜூலை 1 முதல் இது சட்டம். கேட்டால்தான் எடுப்பார்கள், எனவே வாங்கும்போதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

மெத்தை, சோபா, அலமாரிக்கு உங்கள் பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தை அழையுங்கள். பெரும்பாலான நகர மன்றங்கள் மாதத்துக்குச் சில பொருள்கள் வரை இலவசமாக எடுக்கும். எண்ணிக்கையும் முன்பதிவு முறையும் ஊருக்கு ஊர் மாறும். நாள் குறிக்காமல் மின்தூக்கி அருகே இறக்கி வைத்துவிட்டுப் போகிற வழக்கம் கேவலம். செய்தித்தாள், பழைய துணி, பழைய மின்விசிறி போன்றவற்றுக்குப் பழைய பொருள் வாங்கும் கராங் கூனிக்காரர் இருக்கிறார். ஹாரன் ஒலி கேட்டால் சன்னலில் இருந்து கூப்பிட்டு மாடி எண்ணைச் சொல்லுங்கள். விலை சில காசுகள்தான், ஆனால் சுமந்து இறங்கும் வேலை மிச்சம். வீட்டைப் புதுப்பித்த இடிபாட்டை ஒப்பந்ததாரர்தான் எடுத்துச் செல்ல வேண்டும், நகர மன்றம் தொடாது.

தரைவீடுகளில் பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் குறித்த நாளில் வாசலுக்கு வெளியே வைக்க வேண்டும். மறுபயனீட்டு லாரி வாரத்துக்கு ஒருமுறை வரும். எந்த நாள் என்பதை உங்கள் வட்டார நிறுவனத்திடம் கேட்டு நாள்காட்டியில் எழுதிக்கொள்ளுங்கள். கொண்டோமினியம் எனும் தனியார் அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாக அலுவலகத்தைக் கேட்டால் போதும்.

குப்பைக் கட்டணம் மாதந்தோறும் எஸ்பி குழுமத்தின் மின்சார, தண்ணீர்க் கட்டணப் பட்டியலோடு சேர்ந்து வரும். தரைவீட்டுக்காரர்கள் வீவக வீட்டாரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கட்டுகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் கட்டணப் பட்டியல் யார் பெயரில் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் அடைத்தாலோ நீலத் தொட்டி வழிந்தாலோ ஒன்சர்விஸ் செயலியில் ஒரு படத்தோடு புகார் கொடுக்கலாம். புளோக் எண்ணையும் தொட்டி நிற்கும் பக்கத்தையும் குறிப்பிட்டால் சீக்கிரம் ஆள் வரும். வீடு மாறுபவர்கள் பெரிய பொருள்களை எடுப்பதற்கான பதிவைச் சாவி ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பாவது செய்துவிடுங்கள், ஆண்டிறுதியிலும் சீனப் புத்தாண்டுக்கு முன்னும் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள்.